மூன்றாவது மணி நேரத்தில் அது எப்படி இருக்கும்?

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டுவந்துருங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் எலுமிச்சை சாதம் என்று போட்டுவிடுவார்கள். இரண்டு பேர் கேசரி. ஒருவர் "நான் சிப்ஸ் வாங்கிட்டு வந்துர்றேன்" என்பார். மற்றவர்கள் சனிக்கிழமை ராத்திரி வரை யோசிப்பார்கள். அடுக்ககப் பொங்கல் விழா, அலுவலகப் பிரிவு உபசாரம், பள்ளித் தோழர்கள் கூடுவது, அழகர்கோவில் அடிவாரத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து உட்காருவது என மதுரையில் இப்படிக் கூடிச் சாப்பிட வருஷம் முழுக்க ஏதாவது காரணம் இருக்கிறது. முப்பது நாற்பது பேருக்கு நடுவில் வைக்கிற பாத்திரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

"எனக்கு எது நன்றாக வரும்?" என்று கேட்டுத்தான் பெரும்பாலோர் பதார்த்தத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டுச் சமையலுக்கு அந்தக் கேள்வி சரி. அடுப்பிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். கூடிச் சாப்பிடும் இடத்தில் கணக்கே வேறு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் பத்தரைக்கு அடுப்பை அணைப்பீர்கள். பதினொன்றரைக்கு ஆட்டோ. பிள்ளைகளுக்கான போட்டி, பரிசளிப்பு, குழுப்படம் எல்லாம் முடிந்து முதல் தட்டு நிறையும்போது மணி ஒன்றரை. கடைசி ஆள் கரண்டியைத் தொடும்போது இரண்டு. அடுப்பிலிருந்து இறங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே கேட்க வேண்டியது இது: மூன்றாவது மணி நேரத்தில் அது எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்கு நம்மூரில் எப்போதோ பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்கு எடுத்துப்போகும் சித்திரான்னங்கள், சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டி வந்தவர்கள் கொண்டுவந்த கட்டுச்சோறு எல்லாமே ஆறிய பிறகு தின்பதற்கென்றே அமைந்தவை. அழகர்கோவில் பிரசாத தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் எடுக்காத கருப்பு உளுந்து, அரிசி, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்துத் தடிமனாக வார்த்து நெய்யில் வேகவைத்தது. சுட்ட உடனே தின்றாலும் நன்றாகத்தான் இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் தின்றாலும் கெடாது. வீட்டில் வார்க்கிற மெல்லிய தோசையை டப்பாவில் அடைத்துப் பாருங்கள், அரைமணியில் வெள்ளைத்துணி மாதிரி தொங்கும். இரண்டும் தோசைதான். ஒன்று பயணத்துக்காகச் செய்தது, மற்றது கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வருவதற்காகச் செய்தது.

எவை தோற்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பரோட்டா மதுரையின் பெருமை, ஆனால் ஆறினால் ரப்பர். மைதாவில் உள்ள மாவுச்சத்து குளிரக் குளிர இறுகுவதுதான் காரணம்; சால்னா ஊற்றினாலும் முழுதாக மீளாது. மெதுவடையைச் சூட்டோடு மூடி வைத்தால் அதன் ஆவியே மூடியில் பட்டுச் சொட்டி மேல்தோலை ஊறவைத்துவிடும். பஜ்ஜி, அப்பளம் இரண்டும் அதே கதி. வெண்பொங்கல் கல்லாக இறுகும். ரசமும் சாம்பாரும் சுவையில் கெடாது, ஆனால் நின்றுகொண்டே ஒரு கையில் காகிதத்தட்டைப் பிடித்துச் சாப்பிடுகிற இடத்தில் அது கேசரிப்பக்கம் ஓடும். சேமியாப் பாயசம் மூன்றாவது மணியில் கரண்டி நிற்கிற பதத்துக்கு வந்துவிடும், ஏனென்றால் சேமியா பாலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. பாயசம்தான் என்று மனசு வைத்துவிட்டால், சேமியாவைக் கெட்டியாக ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, காய்ச்சி ஏலக்காய் போட்ட பாலை ஃபிளாஸ்க்கில் தனியாகக் கொண்டுபோய் அங்கே கலக்குங்கள்.

பிரியாணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொண்டுவரச் சொல்லி எல்லாரும் கேட்பது அதைத்தான். பிரியாணி வந்தால் மற்ற பதினான்கு பாத்திரங்களும் அப்படியே திரும்பும். அதோடு முதல் பத்துப் பேர் கறியை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டால் பின்னால் வருகிறவருக்குக் குஸ்காதான் மிஞ்சும். எலும்பைத் துப்ப இடம் இருக்காது. பிரியாணி தனி விருந்துக்கு உரியது. அதை எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு அண்டாவில் செய்யச் சொல்வதே முறை.

இப்போது அளவு. எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான், சறுக்குவது எப்போதும் அதிகப் பக்கமாகத்தான். நாற்பது பேர், பதினைந்து பதார்த்தம் என்று வையுங்கள். ஒரு பெரியவர் எல்லாம் சேர்த்து ஐந்நூறிலிருந்து அறுநூறு கிராம் சாப்பிடுவார். நாற்பது பேருக்கு 22 கிலோ. பதினைந்தால் வகுத்தால் ஒரு பாத்திரத்துக்கு ஒன்றரைக் கிலோதான் வருகிறது. ஒவ்வொருவரும் "நாற்பது பேருக்கு" என்று நினைத்துச் செய்தால் பதினைந்து மடங்கு சமைத்துவிடுகிறோம். சோறு வகை கொஞ்சம் அதிகம் போகும் என்பதால் முக்கால் கிலோ அரிசி. தொட்டுக்கொள்கிற காய், சுண்டல் என்றால் ஒரு கிலோ. இனிப்பு என்றால் ஆளுக்கு ஒன்று என எண்ணிக்கை. முக்கால் கிலோ பச்சரிசி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் சோறு வரும். இருபத்தைந்து பேருக்குத் தலா ஒரு கரண்டி தாராளம். நாற்பது பேரும் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது மணி நேரத்தில் முன்னைவிட நன்றாக இருக்கிற பதார்த்தம் ஒன்று உண்டு என்றால் அது புளியோதரை. அடுப்படியில் ருசி பார்க்கும்போது சுமாராக இருக்கும், ஊறியதும் எழுந்து நிற்கும். மதுரையில் சௌராஷ்டிர வீடுகளின் புளியோதரைக்குத் தனிப் பேர் உண்டு. பெருமாள் கோவில் மடப்பள்ளிகளின் கை வேறு. வீட்டுக்கு வீடு பொடி மாறும், ஆனால் கெடுகிற காரணங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றேதான்.

முக்கால் கிலோ அரிசிக்கு: கொட்டையும் கோதும் நாரும் நீக்கிய புளி 140 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி, கல்லுப்பு 40 கிராம், காய்ந்த மிளகாய் 25, கொத்தமல்லி விதை 40 கிராம், வெந்தயம் தலைதட்டி இரண்டு டீஸ்பூன், எள் 25 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், வேர்க்கடலை 100 கிராம், மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன், கட்டிப்பெருங்காயம் ஒரு சுண்டைக்காய் அளவு, வெல்லம் 20 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. பழைய புளி கறுத்திருக்கும், புளிப்பு கூடுதலாக இருக்கும்; மாசி, பங்குனியில் வருகிற புதுப்புளி சிவந்து லேசான இனிப்போடு இருக்கும், அப்போது வெல்லத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் எந்த வருஷத்துப் புளி என்று கேட்டால் சொல்லுவார்கள்.

புளிக்காய்ச்சலை முதல் நாள் ராத்திரியே செய்துவிடலாம், செய்வதே நல்லது. 600 மில்லி வெந்நீரில் புளியை அரைமணி ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். பதினைந்து மிளகாய், மல்லி, வெந்தயம், எள் நான்கையும் தனித்தனியாக எண்ணெயில்லாமல் வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒன்றாகப் போட்டு வறுத்தால் மிளகாய் வறுபடுவதற்குள் எள் கருகிவிடும். வெந்தயம் பொன்னிறம் தாண்டிச் சிவந்தால் மொத்தக் காய்ச்சலும் கசக்கும், அதை எந்த வெல்லத்தாலும் சரிசெய்ய முடியாது. அடிகனமான எவர்சில்வர் சட்டியிலோ கல்சட்டியிலோ எண்ணெயில் முக்கால் பங்கைக் காயவைத்துக் கடுகு, கடலைப்பருப்பு, மிச்சம் பத்து மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள் தாளித்துப் புளிக்கரைசலை ஊற்றி உப்புப் போடுங்கள். அலுமினியச் சட்டியும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வரை கொதிக்கட்டும். பாதி சுண்டியதும் வெல்லம். எண்ணெய் பிரிந்து ஓரம் முழுக்கக் கசிந்து நிற்கும்போது பொடியைத் தூவிக் கிளறி இறக்குங்கள். பொடியை ஆரம்பத்திலேயே போட்டால் காய்ச்சல் சீக்கிரம் தடித்துவிடும், பார்க்க வெந்தது மாதிரி இருக்கும்; உள்ளே பச்சைப்புளி வாசம் அப்படியே இருக்கும். அடியும் பிடிக்கும்.

தனியாக நாக்கில் வைத்தால் "உப்பும் புளிப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே" என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான பதம். சோறு ஊற ஊற இரண்டையும் இழுத்துக்கொள்ளும். அடுப்படியில் கச்சிதமாக இருந்த காய்ச்சல் பந்தியில் சப்பென்று இருப்பது இதனால்தான்.

சோறு காலையில். ஒரு வருஷம் ஆன பழைய பச்சரிசியாகப் பாருங்கள், புது அரிசி குழையும். இருபது நிமிடம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நடுவில் மிக மெல்லிய கடினம் இருக்கும்போதே வடியுங்கள். குக்கரில் வைத்தால் இந்த அளவுக்கு அடியில் இருக்கிறது நசுங்கிவிடும். பெரிய தாம்பாளத்தில் பரப்பி, மிச்ச எண்ணெயில் இரண்டு கரண்டி ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் ஆறவிடுங்கள். சூட்டோடு கலந்தால் பருக்கை உடையும், ஆவி உள்ளே அடைபட்டு மூன்றாவது மணியில் ஊசல் வாடை தொடங்கும். கலக்கும்போது குழிக்கரண்டியால் அழுத்த வேண்டாம். கரண்டிக்காம்பாலோ விரல் நுனிகளாலோ கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். காய்ச்சலில் முக்கால் பங்கை இப்போது போட்டுக் கால் பங்கை ஒரு சிறு சம்படத்தில் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் மூடியைத் திறந்ததும் ருசி பார்த்து, வறண்டிருந்தால் அதை விட்டுப் புரட்டலாம். வறுத்த வேர்க்கடலையும் அப்போதுதான். இங்கேயே போட்டுவிட்டால் அங்கே போவதற்குள் அவித்த கடலையாகிவிடும்.

இங்கே சோறு கெடுவதைப் பற்றி ஒன்று. அரிசியோடு வருகிற ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. எனவே, "போகும்போது ஒரு தடவை சூடு பண்ணிட்டா சரியாயிரும்" என்ற நம்பிக்கை சோற்றைப் பொறுத்தவரை தவறு. பொதுவாக 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பார்கள். சுற்றுப்புறமே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். சித்திரையிலும் கத்திரி வெயிலிலும் மதுரை 38, 40 என்று நிற்கிறது. வெறும் சோறு, பால், முட்டை, கறி, தேங்காய் சேர்ந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். புளியும் எலுமிச்சையும் கிருமி வளர்வதைத் தடுப்பதால் அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. அதற்காக முதல் நாளே சோற்றைக் கலந்து வைக்க வேண்டாம். புளிக்காய்ச்சல் நேற்றையது, சோறு இன்றையது.

எலுமிச்சை சாதத்துக்கு நான் எதிரி இல்லை. நான்கு பேர் கொண்டுவருவதுதான் சிக்கல். செய்வதானால் சாற்றை அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துத் தாளிப்பில் சேருங்கள், கொதித்தால் கசக்கும். தேங்காய் சாதத்தை மார்கழி, தை மாதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெயில் காலத்தில் தேங்காய் மதியத்துக்குள் நொதிக்க ஆரம்பித்துவிடும். சுண்டலுக்கும் இதே விதிதான்: தேங்காய்த்துருவலைத் தனியாக, குளிர்ச்சியாகக் கொண்டுபோய்க் கடைசியில் தூவுங்கள்.

தயிர்சாதத்தை யாராவது ஒருவர் கட்டாயம் கொண்டுவர வேண்டும். காரமும் எண்ணெயும் தின்ற வாய் கடைசியில் அதைத்தான் தேடும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டிலேயே மசித்து, பரப்பி ஆறவிட்டு, காய்ச்சிக் குளிரவைத்த பால் இரண்டு டம்ளர், தயிர் கால் டம்ளர். தளரத் தளர இருக்க வேண்டும், ஏறக்குறைய கஞ்சி மாதிரி. "இவ்வளவு தண்ணியாவா?" என்று தோன்றும். இரண்டு மணி நேரத்தில் சோறு பாலை இழுத்துச் சரியான பதத்துக்கு வந்துவிடும். மதுரை வெயில் தயிர் உறைவதற்குத் தோதான வெயில். வீட்டிலேயே முழுத் தயிரையும் ஊற்றிக் கலந்தால் ஒரு மணிக்குள் பல் கூசும். ஆகவே இன்னொரு டம்ளர் தயிரையும் உப்பையும் தனியாக எடுத்துப்போய் அங்கே சேருங்கள். பாத்திரத்தை ஐஸ்கட்டி போட்ட அகலமான பேசினுக்குள் வைத்து எடுத்துப்போவது அவசியம். மாதுளை முத்துகளைப் பரிமாறும்போது தூவலாம். திராட்சை வேண்டாம் என்பேன், நீர் விட்டுச் சோற்றைக் கலங்கடிக்கும்.

கறி கொண்டுபோகிறவர்கள் முதலில் நாள் பார்க்க வேண்டும். வெள்ளி, செவ்வாய், புரட்டாசிச் சனி, கார்த்திகையில் மாலை போட்டிருப்பவர்கள் என்று மேசையில் பாதிப்பேர் கை வைக்காத நாள்கள் இருக்கின்றன. கறியை ஹலால் கடையில் வாங்கினால் முஸ்லிம் குடும்பங்களும் தயங்காமல் எடுக்கலாம். அதைச் சீட்டில் எழுதியும் வையுங்கள். சைவப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைக்காமல் மேசையின் மறுகோடியில், தனிக் கரண்டியோடு.

மட்டன் சுக்காவைவிடக் கோலா உருண்டை இந்த இடத்துக்குப் பொருத்தம். எலும்பு கிடையாது, குழம்பு கிடையாது, விரலால் எடுக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணலாம். ஆளுக்கு ஒன்று என்றால் கடைசி ஆளுக்கும் ஒன்று உண்டு. ஒரு கிலோ கொத்துக்கறியில் எலுமிச்சங்காய் அளவைவிடக் கொஞ்சம் சிறிதாகச் சுமார் ஐம்பது உருண்டை வரும். கறியைக் கழுவினால் சல்லடையில் அரைமணி வடியவிட வேண்டும். சின்ன வெங்காயம் 150 கிராம், இஞ்சி பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள், உப்புடன் சட்டியில் போட்டு நீர் முழுக்க வற்றி, சட்டி சுரண்டுகிற சத்தம் கேட்கும் வரை வதக்குங்கள். ஆறியபின் தேங்காய்த்துருவல் 150 கிராம், சோம்பு, கசகசா, பட்டை, கிராம்புடன் தண்ணீர் விடாமல் அரைத்து, பொட்டுக்கடலை மாவு 150 கிராம் சேர்த்துப் பிசையுங்கள்.

எண்ணெயில் உருண்டை பிரிந்து போவது என்ற ஒரே கவலைதான் எல்லாருக்கும். காரணமும் ஒன்றே, ஈரம். உள்ளே இருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி உருண்டையை வெடிக்க வைக்கிறது. முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்து மறுபடி ஒன்று. ஒரேயடியாக மாவைக் கொட்டினால் உருண்டை நிற்கும், ஆனால் கறி வாசம் போய்ப் பொட்டுக்கடலைப் பக்கோடா ஆகிவிடும். ஒரு தடவைக்கு ஏழெட்டுக்கு மேல் போடாதீர்கள், எண்ணெயின் சூடு இறங்கி அவை எண்ணெய் குடிக்கும். பொரித்ததை அகலத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஆறவிட்டு, மந்தாரை இலை விரித்த பாத்திரத்தில், மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்து எடுத்துப்போங்கள். கறி என்பதால் நேரக் கணக்கு இதற்குக் கறாராகப் பொருந்தும். கிளம்புவதற்குச் சற்று முன்பு பொரித்து, போனதும் முதல் பந்தியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். மேசையில் நீண்ட நேரம் கிடக்கப்போகிறது என்று தெரிந்தால் அன்றைக்குக் கறியே வேண்டாம்.

வடை ஆசைக்கு மசால்வடை. கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்துத் தட்டையாகத் தட்டினால் ஆறிய பிறகும் பரவாயில்லை. மெதுவடைதான் வேண்டுமென்றால் அதைத் தயிர்வடையாக மாற்றிவிடுங்கள். ஊறுவது அங்கே குறையே ஆகாது. பொடி இட்லியும் நல்ல தேர்வுதான். குட்டி இட்லிகளை முழுக்க ஆறவிட்ட பிறகு நல்லெண்ணெயில் புரட்டி, அதற்குப் பிறகு பொடி. சூட்டோடு பொடியைப் போட்டால் ஈரத்தில் சேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மதுரையில் இட்லிக்கு நான்கு சட்னி இருக்க வேண்டும்தான், ஆனால் இந்த மேசைக்கு அந்த நான்கையும் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

இனிப்பில் பாசிப்பயறு உருண்டை. வறுத்து அரைத்த மாவு, பொடித்த சர்க்கரை அல்லது நாட்டுச்சர்க்கரை, காய்ச்சிய நெய், ஏலக்காய், அவ்வளவுதான். தண்ணீரோ பாலோ படாததால் ஒரு வாரம் கெடாது, மூன்று நாள் முன்பே செய்துவைத்து அன்றைக்கு நிம்மதியாக இருக்கலாம். மாவு சூடாக இருக்கும்போது நெய்யை ஊற்றிப் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் பிடிபடாது, பிடிபடவில்லையே என்று மேலும் மேலும் நெய் ஊற்றி உருண்டை தட்டையாகப் படுத்துவிடும். கேசரி செய்கிறவர்கள் ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்தால் ஆறியதும் மென்மையாக இருக்கும். இரண்டு பங்கு வைத்தால் செங்கல்.

சமைக்க நேரம் இல்லாதவர்கள் சிப்ஸ் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கும். அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. கோடையில் நீர்மோர் கொண்டுபோகிறவரைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருப்பார்கள். அழகர் வருகிற வழியெல்லாம் மோர்ப்பந்தல் போட்டவர்களின் ஊர் இது. ஒரு லிட்டர் கெட்டித்தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர், 35 கிராம் உப்பு, தட்டிய இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, பெருங்காயம். இருபத்தைந்து டம்ளர் வரும். இஞ்சியையும் மிளகாயையும் துணியில் முடிந்து போட்டால் யார் பல்லிலும் கடிபடாது. குளிர்காலத்தில் பருத்திப்பால். ராத்திரி ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்து மூன்று முறை பால் எடுத்து, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, அரிசிமாவு கரைத்துவிட்டு, கருப்பட்டிப்பாகு, சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்து ஃபிளாஸ்க்கில். ஜிகர்தண்டா கேட்பார்கள். பாதாம்பிசினை ராத்திரியே ஊறவைத்து, பாலைக் குறுக்கி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், ஐஸ்பெட்டி எல்லாம் தூக்கிப் போய், ஒரு ஆள் நின்று டம்ளர் டம்ளராகக் கலந்து கொடுக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பொறுப்பெடுத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

யாரும் நினைக்காதது தாம்பூலம். ஒரு கவுளி, அதாவது நூறு வெற்றிலை, நாற்பது பேருக்குத் தாராளம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை பக்கத்திலேயே கிடைக்கிறது. ஈரத்துணியில் சுற்றி, சீவல், சுண்ணாம்பு, கிராம்பு, கொஞ்சம் கல்கண்டோடு ஒரு தட்டு வைத்தால் சாப்பாடு முடிந்ததும் கூட்டம் அங்கேதான் நிற்கும். அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

குழுவில் பட்டியல் போடுகிறவர் யாரோ அவருக்கு ஒரு வேண்டுகோள். பதார்த்தத்தின் பெயரைக் கேட்காமல் முதலில் இடத்தைப் பிரித்துவிடுங்கள். பதினைந்து பேர் என்றால் சோறு நான்கு, காய் அல்லது சுண்டல் மூன்று, வடை வகை இரண்டு, கறி இரண்டு, இனிப்பு இரண்டு, குடிக்க ஒன்று, தட்டு தண்ணீர் ஐஸ்கட்டிக்கு ஒன்று. "அக்கா, உங்களுக்குச் சோறு, எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டால் நான்கு எலுமிச்சை சாதம் வராது. வெங்காயம் பூண்டு இல்லாமல் ஒரு சோறும் ஒரு காயும், சர்க்கரை இல்லாமல் ஏதாவது ஒன்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் அகலமாக, ஆழம் குறைவாக. தூக்குவாளியில் அடைத்த கலந்த சோறு தன் கனத்திலேயே அடியில் நசுங்கும். ஹாட்பாக்ஸ் சூடானதற்கு மட்டும். ஆறவைத்த புளியோதரையை அதில் போட்டு மூடுவதால் ஒரு பயனும் இல்லை. மூடிக்கு மேல் துண்டைப் போட்டு இரண்டு பக்கக் காதுகளிலும் இறுக்கிக் கட்டினால் ஸ்கூட்டர் கால்வைக்கும் இடத்தில் ஆடாமல் நிற்கும். கரண்டியை நீங்களே எடுத்துப்போங்கள், அங்கே பதினைந்து பாத்திரத்துக்கு நான்கு கரண்டிதான் இருக்கும். சோற்றுக்குத் தட்டைக்கரண்டி, சிறியதாக. கரண்டி பெரிதாக இருந்தால் முதல் பதினைந்து பேரிலேயே பாத்திரம் காலி.

பாத்திரத்துக்கு முன்னால் ஒரு சீட்டு: பெயர், வெங்காயம் பூண்டு உண்டா இல்லையா, வேர்க்கடலை முந்திரி உண்டா, நெய்யா எண்ணெயா. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்றாவது கூட்டத்தில் இருக்கக்கூடும். பெயர் வெட்டிய பாத்திரமாக எடுத்துப்போனால் அது வீடு திரும்பும். மூடியிலும் கரண்டியிலும் பெயர் இல்லையென்றால் அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள். தொலைவது எப்போதும் மூடியும் கரண்டியும்தான்.

மிஞ்சிய புளியோதரையை அங்கேயே வேண்டியவர்களுக்கு இலையில் மடித்துக் கொடுத்துவிடுங்கள், அன்று சாயங்காலத்துக்குள் சாப்பிடச் சொல்லி. சம்படத்தில் விடாமல் மிச்சமிருக்கும் காய்ச்சலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஈரம் படாத பாட்டிலில் போட்டு, மேலே ஒரு விரல் நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் தாங்கும். ராத்திரி தோசைக்குத் தொட்டுக்கொள்ள அதுவே போதும்.